படத்துக்கு வலிக்காது!

"ஆபரேஷன் வெற்றி!" என்கிறார் டாக்டர். எக்ஸ்ரே படமும் அதையே சொல்கிறது. உலோகத் தண்டு தொடை எலும்பிலே நேராக நிற்கிறது. கிண்ணம் இடுப்பிலே கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. மகிழ்கிறோம். ஆனால் தோழர்களே, படத்துக்கு வலிக்காது! வலிப்பது படுக்கையிலே கிடப்பவனுக்கு. அவனைக் கேட்டார்களா?

நெடுங்காலம் கேட்கவில்லை. 1969-ல் அமெரிக்க மருத்துவர் ஹாரிஸ் 100 மதிப்பெண் கணக்கொன்று வகுத்தார். வலிக்கு 44, நடப்பதற்கும் படியேறுவதற்கும் பிற அன்றாடச் செயல்களுக்கும் 47. நல்ல கணக்குத்தான்! ஆனால் மதிப்பெண் போட்டவர் மருத்துவர். பாடம் நடத்தியவரே விடைத்தாளையும் திருத்தினார்! 1996-ல்தான் ஆக்ஸ்போர்டிலே 12 கேள்விகள் எழுதி, நோயாளியின் கையிலேயே தாளைக் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பும், ஆறு மாதம் கழித்தும் அவனைக் கேட்கும் முறையை இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2009-ல் தொடங்கியது.

ஆறு மாதம் போதுமா? போதாது என்பதற்குச் சார்ன்லியே சாட்சி. இன்றைய இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு வழி வகுத்த அந்த ஆங்கில மருத்துவர், முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். நோயாளிகள் வலி நீங்கி நடந்தார்கள், வாழ்த்தினார்கள். சில ஆண்டுகளிலே கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள் சதையைப் புண்ணாக்கியது. அவர் மூடி மறைக்கவில்லை. திரும்ப அழைத்தார், திரும்பத் திறந்தார். 1962-ல் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார். அதன் பெயர் நேர்மை!

ஸ்வீடன் 1979-ல் நாடு முழுமைக்கும் பதிவேடு திறந்தது. அது எண்ணியது மறு ஆபரேஷன்களை. மறுபடி கத்திக்கு அஞ்சிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவன் அந்தக் கணக்கிலே எங்கே? 2002 முதல் அங்கும் நோயாளியின் வாய்மொழியைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆக்ஸ்போர்டுத் தாள் கேட்கிறது: காலுறை மாட்ட முடிகிறதா? நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? வேட்டி கட்டி வெறுங்காலோடு வயலில் இறங்குபவன் என்ன பதில் எழுதுவான்? அவன் தரையிலே சம்மணமிட்டுச் சோறு உண்பவன்; குந்தியிருந்து களை பறிப்பவன். மூட்டு நழுவக்கூடும், குந்தாதே, சம்மணமிடாதே என்று டாக்டர் எச்சரிக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் குந்தினால்தான் கூலி என்பவன் வீடு திரும்பி என்ன செய்வான்? அவன் தெருக்கோடியிலே உள்ள கழிப்பறையும் குந்தும் கழிப்பறைதானே!

ஆகவே கேட்கிறோம்: அந்தத் தாளிலே நம் ஆளுக்கான வரிகளையும் எழுதுங்கள். பழைய வேலைக்குப் போனாயா? போகவில்லையென்றால் அடுப்பு எரிகிறதா? ஆண்டுக்கொருமுறை கேளுங்கள். எழுதத் தெரியாதவனை வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். புது மூட்டோடு அனுப்பும்போதே, உயரமான கழிப்பறை இருக்கை ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள்.