குடோன் தெரு, பார் தெரு ஆனது எப்படி? சிங்கப்பூர் கிளார்க் கீ இப்போது பகலைத் தேடுவது ஏன்?

சிங்கப்பூர் டூர் போய் வந்த நண்பர்களின் இன்ஸ்டா படங்களில் இந்த இடம் பெரும்பாலும் இருக்கும். ஆற்றோரம் வரிசையாகப் பழைய கட்டடங்கள், கலர் கலராகச் சுவர்கள், தண்ணீரில் மினுங்கும் விளக்குகள். அதுதான் கிளார்க் கீ. 'கீ' என்றால் படகுத்துறை.

நைட் லைஃபுக்குப் பேர் போன இந்த இடத்தை, பகலிலும் ஆட்கள் வருகிற மாதிரி மாற்றியிருக்கிறது அதை நடத்தும் கேப்பிட்டாலேண்ட் நிறுவனம். செலவு 6.2 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள்). வேலை 2024-ல் முடிந்தது. இரவில் களைகட்டும் இடத்துக்குப் பகல் எதற்கு?

முதலில் அங்கே என்ன இருந்தது?

கிடங்குகள். 1873 முதல் 1875 வரை ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கிளார்க்கின் பெயரைத்தான் இந்தத் துறைக்கு வைத்தார்கள். கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கி, சிறு படகுகளில் ஆற்றுக்குள் கொண்டுவந்து இங்கே அடுக்குவார்கள். அரிசி, ரப்பர், வாசனைப் பொருட்கள் என எல்லாம் வந்து போன இடம்.

இதில் நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த ஆற்றில் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். அவர்களை அங்கே 'சூலியா' என்பார்கள். பக்கத்து போட் கீயை ஒட்டி இன்றும் சூலியா தெரு இருக்கிறது. பிறகு படகுத் தொழில் சீனர்கள் கைக்கு மாறியது. அவ்வளவு ஏன், 'குடோன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே நம்ம 'கிடங்கு' வேராக இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன.

பார்கள் எப்படி வந்தன?

1972-ல் தஞ்சோங் பகாரில் கன்டெய்னர் முனையம் திறந்தது. பெட்டியோடு சரக்கு நேராகத் துறைமுகத்தில் இறங்க ஆரம்பித்ததும், ஆற்றங்கரைக் கிடங்குகளின் தேவை குறைந்துகொண்டே போனது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ, பத்தே வருடத்தில் ஆறு சுத்தமாக வேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987-ல் அது நடந்தும்விட்டது.

ஆனால் இந்தச் சுத்தம் சும்மா வரவில்லை. சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆற்றுப் படுகை இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அரசு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் உணவங்காடிகளுக்குப் போயின. 1983-ல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன.

ஆக, கட்டடம் மிஞ்சியது. அதை நம்பிப் பிழைத்த ஆட்கள் மிஞ்சவில்லை. பழுதுபார்க்கப்பட்ட கிடங்குகளோடு 1993-ல் கிளார்க் கீ கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. வெயிலுக்கும் மழைக்கும் தெருவின் மேலேயே கூரை போட்டு 2006-ல் புதுப்பித்த பிறகு பார், கிளப் கூட்டம் பெருகியது. 2016-ல் பிரபல நைட் கிளப்பான ஸூக்கும் இங்கே குடிவந்தது.

அப்புறம் என்ன சிக்கல்?

ஒரே தொழிலை நம்பியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பார்களும் கிளப்களும் மூடப்பட்டன. நைட் கிளப்கள் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆனது. இரவை மட்டுமே விற்கும் தெரு, இரவு இல்லாத இரண்டு வருடத்தில் என்ன செய்யும்? அதனால்தான் இப்போது சூப்பர் மார்க்கெட், இசைக்கருவிக் கடை, நாயோடு வரலாம் என்ற ஏற்பாடு எல்லாம். படகுத் தொழில் போனபோது கிடங்குகள் பட்ட பாட்டை, இந்த முறை பார்கள் பட்டன.

இந்த இரவு யாருக்கு?

இதுதான் முக்கியமான கேள்வி. ஒரு காலத்தில் கிளார்க் கீயை ஒட்டிய ரீட் பாலத்தில் இளைஞர்கள் கடையில் வாங்கிய பீர் கேனோடு உட்கார்ந்திருப்பார்கள். பார் விலை கட்டுப்படியாகாதவர்களின் பார் அது. 2015 ஏப்ரலில் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதைத் தடை செய்தது. உரிமம் பெற்ற பாருக்குள் குடிக்கலாம்.

இதற்கு முன், 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்திருந்தது. புதிய சட்டம் லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் இன்னும் கடுமையானது. அங்கே வாரஇறுதி முழுக்கப் பொது இடத்தில் குடிக்கத் தடை. வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு அது எந்த நாள் என்று யோசித்துப் பாருங்கள். பொது ஒழுங்குக்கான சட்டம்தான், சரி. ஆனால் அதன் பலன், காசு இருப்பவருக்கு மட்டும் இரவு நீள்கிறது.

எவ்வளவு காசு? மெனுவில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று இருந்தால், 10 சதவீத சர்வீஸ் சார்ஜும், அதற்கு மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். 100 வெள்ளிக்கு ஆர்டர் செய்தால் பில் 119.90 வெள்ளி. மதுவுக்கான கலால் வரி ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது.

அந்த வகையில் பகல் வியாபாரம் நல்ல மாற்றம். காய்கறி வாங்க வருபவரும், குழந்தையோடு ஆற்றங்கரையில் நடப்பவரும் அந்தத் தெருவுக்குத் திரும்ப வழி கிடைக்கிறது. அவர்கள் தொடர்ந்து வருவார்களா என்பது வாடகையையும் விலையையும் பொறுத்தது. நீங்கள் போவதாக இருந்தால் மாலை வெயில் தாழ்ந்ததும் போங்கள். ரீட் பாலத்தில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை.