கோதுமையை நிறுத்தும் முன்

மாதவிடாய் ஒழுங்காக வரவில்லையா, கோதுமையை விட்டுவிடுங்கள் என்ற யோசனை இப்போது செல்பேசி வழியாக வீட்டுக்கு வீடு வந்துசேர்கிறது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லப்பட்ட பெண்கள் பலர் மருத்துவரைக் கேட்காமலேயே சப்பாத்தியை நிறுத்துகிறார்கள். கோதுமைக்கும் மாதவிடாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சிலருக்கு அந்தச் சம்பந்தம் மிக ஆழமானது. பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக் கூடாது என்று நான் வற்புறுத்துவதே அவர்களுக்காகத்தான்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் புரதம் உள்ளே போனதும், நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்குவது சீலியாக் நோய். குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். நோய் அதிகம் கைவைப்பதும் அங்கேதான். வேளாவேளைக்குச் சாப்பிட்டும் உடல் பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் உடலில், கருமுட்டை முதிர்வதற்கு மூளையிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் அடங்கிப்போகும். பூப்பெய்துவது தாமதமாகலாம், மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோகலாம், முற்றாக நிற்கும் வயதும் முன்கூட்டியே வரலாம். 2010-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், சீலியாக் உள்ள 62 பெண்களில் 19.4 சதவீதத்தினருக்கு மாதவிடாய் நின்றுபோகும் தொல்லை இருந்தது; நோயில்லாத பெண்களில் அது 2.2 சதவீதம்தான்.

இது சிறிய ஆய்வு, மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. 20 லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த 2014-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில், சீலியாக் உள்ள பெண்களிடம் கருத்தரிப்புச் சிக்கல் பொதுவாக மற்றவர்களைவிட அதிகமில்லை. 25 முதல் 29 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களிடம் மட்டும் கூடுதலாக இருந்தது. ஆகவே சீலியாக் என்றாலே மலட்டுத்தன்மை என்று பயமுறுத்துவது தவறு. ஆனால் கருத்தரிப்புச் சிக்கலுக்காக மருத்துவரிடம் போனவர்களின் பதிவு, மாதாமாதம் நடப்பதையெல்லாம் சொல்லிவிடாது. லட்சக்கணக்கானவர்களின் சராசரியும், சிகிச்சையில்லாமல் மெலிந்துகொண்டே போகும் ஒருத்தியைக் காட்டாது.

அரிசி தின்னும் நமக்கு இது எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று வடக்கே 1.23 சதவீதத்தினரின் ரத்தத்தில் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருளைக் கண்டது. தெற்கே, வேலூர்ப் பகுதியில், 0.10 சதவீதம். நோய்க்கு ஏதுவான மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவரிடம் இருந்தது. ஆனால் வடக்கே உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை தின்றார்கள், நாம் 25 கிராம். இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகவும் பரோட்டாவாகவும் மாறிவரும் நாளில் இந்த இடைவெளி அப்படியே நிற்கும் என்று நான் நம்பவில்லை. அதே சமயம், எதிர்ப்பொருளே ஆயிரத்தில் ஒருவரிடம்தான் என்ற கணக்கின்படி, மாதவிடாய்க் கோளாறு உள்ள தமிழ்ப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் கோதுமை அல்ல. அவர்கள் விலை கூடிய 'குளூட்டன் ஃப்ரீ' பிஸ்கட்டுக்கு மாறுவதால் பயனில்லை.

யார் அந்த ஒருவர் என்பதை ரத்தப் பரிசோதனை காட்டும். டிடிஜி ஐஜிஏ என்று எழுதித் தருவார்கள். கோதுமை தின்றுகொண்டிருந்தால்தான் அது சரியாகச் சொல்லும். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து நோய் ஒளிந்துகொள்ளும். குறைந்தது 6 வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். இந்தப் பரிசோதனையை யார் கேட்க வேண்டும்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மாதாமாதம் ரத்தம் போகிறது, அதனால்தான் சோகை என்று முடித்துவிடுவது வழக்கம். பலருக்கு அது சரியாகவும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் ஒழுங்காக விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல், மாதவிடாயும் தள்ளிப்போகிறதென்றால் குடலையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நோய் உறுதியானால் குளூட்டன் இல்லாத பத்தியம் ஆயுளுக்கும். பத்து வருடமாவது பத்தியம் காத்த பெண்களுக்குப் பூப்பெய்தியதிலிருந்து மாதவிடாய் முற்றாக நிற்கும்வரையான காலம் மற்றவர்களைப் போலவே நீடித்ததை 2011-இல் இன்னோர் இத்தாலிய ஆய்வு காட்டியது. ஆனால் பெரியவர்களுக்குக் குடல் ஆற ஓரிரு வருடம்கூட ஆகலாம். அதற்குப் பிறகும் மாதவிடாய் சீராகவில்லை என்றால் தைராய்டைப் பார்க்க வேண்டும், சீலியாக்குடன் சேர்ந்தே வரக்கூடியது அது. இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு எல்லாம் இருக்கும் நம் அடுக்களையில் பத்தியம் மற்ற ஊர்களைவிட எளிது. ரவை, சேமியா, மால்ட் பானம் ஆகாது என்பதையும் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஏமாற்றுவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் அது உள்ளே போகும். அரிசி மாவு சேர்த்ததும் விற்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும்.