எழுத்து மட்டுமா இலக்கியம்?

இலக்கியம் எழுத்தில் வாழ்வது. இசையும் ஓவியமும் கூத்தும் வெறும் பொழுதுபோக்கு என்பார் நம்மிடையே உளர். எனவே தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு இலக்கியத்தில் பங்கில்லை என்றும் அவர்கள் முடிவு கட்டுகின்றனர். ஆடவும் பாடவும் பிள்ளைகளை மேடையேற்றுவர். இலக்கிய அரங்கு தொடங்கியதும் வெளியே அனுப்பிவிடுவர். இது தமிழ் மரபுக்கே மாறானது.

பரிபாடலைப் பாருங்கள். முழுமையாகக் கிடைத்த 22 பாடல்களுள் பெரும்பாலானவற்றில் புலவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. 19ஆம் பாடலைப் பாடியவர் நப்பண்ணனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் காந்தாரம். புலவரையும் இசையாளரையும் ஒருங்கு வைத்துப் போற்றிய மரபு இது.

அப்பாடலுக்குள் ஓவியமும் உண்டு. திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தில் மக்கள் படங்களைச் சுட்டி, இவர் யார், இது என்ன என வினவுகின்றனர். காமன், இரதி, இந்திரன், அகலிகை, கௌதமன் என அறிந்தோர் விளக்குகின்றனர். அங்கே கதை பரவியது ஏட்டால் அன்று, படத்தாலும் வாய்ச்சொல்லாலும். அவ்வோவியங்கள் இன்று இல்லை. அன்றைய இசையும் மறைந்தது. எஞ்சிய எழுத்தையே முழுமையெனக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

எழுத்து இல்லையேல் இவையும் எட்டியிராவே என்பர். உண்மைதான். உ.வே.சாமிநாதையர் 1918இல் பரிபாடலைப் பதிப்பித்ததனாலன்றோ நாம் இதனைப் பேசுகிறோம்! பிள்ளைகள் எழுத்தைக் கற்கவே வேண்டும். ஆயினும் இலக்கியத்திற்கு அஃதொன்றே வாயில் அன்று.

உரோமப் புலவர் வர்ஜிலின் ஈனியட் காவியத்தில், நாடிழந்த ஈனியஸ் கார்த்தேஜ் நகரக் கோயிலில் டிராய்ப் போர்க் காட்சிகளைக் கண்டு கண்ணீர் விடுகிறான். அயல்மண்ணில் தன் கதையைச் சித்திரமாகக் கண்டவனின் கண்ணீர் அது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அது விளங்காததன்று.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? தேஹு ரோட்டில் வாழும் நமக்கு அண்டையிலேயே துக்காராமின் தேஹு உள்ளது. அவருடைய அபங்கங்கள் அங்குக் காதா மந்திரின் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன; வார்க்கரிகள் அவற்றைத் தாளமிட்டுப் பாடி வருகின்றனர். எழுத்தறியாத உழவரும் அபங்கம் அறிவர். அதனால் அபங்கம் இலக்கியத் தகுதி இழந்துவிட்டதா?

ஆகவே, அடுத்த விழாவின் இலக்கிய அரங்கில் 19ஆம் பரிபாடலை வைப்போம். ஒரு பிள்ளை அகலிகையை வரையட்டும். ஒரு பிள்ளை பாடட்டும். மற்றவர் சுட்டிக் கேட்கட்டும். கேள்வி மராத்தியில் பிறந்தாலும் குற்றமில்லை. பெரியோர் தமிழில் விடை கூறட்டும். விடையைச் சுவைத்த பிள்ளை எழுத்தைத் தானே தேடி வரும். வாயிலை அடைத்துவிட்டு, வருவாரில்லையே என வருந்துவதில் பொருளில்லை.