அப்பாவுக்கு ஒரு லோயர் பெர்த்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 2025 டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை. சென்னைப் புறநகரான பல்லாவரத்தில் பழைய பொருள் சந்தை கூடும் கிழமை. அதே நாளில்தான் ரயில் கட்டண உயர்வும் அமலுக்கு வந்தது. மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஏ.சி. பெட்டியானாலும் சாதாரணப் பெட்டியானாலும் கிலோமீட்டருக்கு 2 பைசா கூடுதல். ஜூலை 1இல் ஓர் உயர்வு வந்தது. ஆண்டு முடிவதற்குள் இன்னொன்று. கீழ்க்கட்டளையில் ஷேர் ஆட்டோ ஏறி ரேடியல் சாலையில் போனால் சந்தையும் பக்கம், பல்லாவரம் ஸ்டேஷனும் பக்கம். பெற்றோருக்கு என்ன பரிசு வாங்குவது என்று மாதம் முழுக்கக் குழம்பிய பிள்ளைகள் இந்த இரண்டு இடங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

சந்தையில் என்னதான் இல்லை? நின்றுபோன கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர், சூட்கேஸ், மிக்ஸி, பீங்கான் கோப்பை, சாய்வு நாற்காலி. இவற்றில் பல ஒரு காலத்தில் வண்ணத்தாள் சுற்றி யாரோ யாருக்கோ ஆசையாக நீட்டியவையாகத்தான் இருக்கும். இப்போது தார்ப்பாய் விரிப்பில் கிடக்கின்றன.

பொருளாகப் பரிசு கொடுத்தால் அது போய்ச் சேரும் இடம் தெரிந்ததுதான். ஐ.டி. வேலைக்கு வந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பெற்றோரும் வந்து குடியேறிய அடுக்குமாடிகள் கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் முழுக்க இருக்கின்றன. அந்த வீட்டு பீரோக்களைத் திறந்தால் தெரியும். குண்டூசிகூட எடுக்காத சட்டை. சார்ஜ் இறங்கி ஓய்ந்த ஸ்மார்ட் வாட்ச். ‘யாராவது வந்தா கொடுக்கலாம்’ என்று எடுத்துவைத்து, யாரும் வராமல் தேதி முடிந்த முந்திரி, பாதாம் பெட்டி. போன வருடப் பட்டுச் சேலை இந்த வருடம் ஏதோ ஒரு கல்யாணத்தில் அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கும். “எனக்கு எதுக்குல இதெல்லாம், வைக்க இடமில்ல” என்று அப்பா சொன்னபோது, அவர் பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்றே மகன் எடுத்துக்கொண்டான். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

இந்த விஷயத்தைப் பொருளாதாரம் 1993லேயே அளந்து பார்த்துவிட்டது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் தன் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகள் அவர்கள் மதிப்பில் எவ்வளவு பெறும் என்று கேட்டார். கொடுத்தவர் செலவழித்த தொகையில் பத்திலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை காற்றில் கரைந்துவிடுகிறது என்பது அவருடைய கணக்கு. நூறு ரூபாய்ப் பரிசு, பெறுகிறவருக்கு எழுபதாகவோ தொண்ணூறாகவோதான் கைக்கு வருகிறது. நெருங்கிய நண்பர்களின் பரிசில் சேதாரம் குறைவு. தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று வயதும் தூரமும் கூடக்கூடச் சேதாரமும் கூடுகிறது. இளைஞனுக்கு என்ன பிடிக்கும் என்று பெரியவருக்குத் தெரியவில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் கேட்டது பரிசு வாங்கிய இளைஞர்களை. கணக்கைத் திருப்பிப்போட்டு, பிள்ளைகள் வாங்கித் தந்ததைப் பற்றி எழுபது வயதுக்காரரைக் கேட்டிருந்தால் சேதாரம் மூன்றிலொரு பங்கோடு நின்றிருக்காது. இளைஞனுக்கு வாங்க வேண்டிய பொருள் ஆயிரம் பாக்கி இருக்கிறது. தப்பாக வந்த பரிசும் எங்கோ ஓரிடத்தில் பயன்படும். பல்லாண்டுக் குடித்தனத்தில் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி, வேண்டாததைக் கழித்துக்கொண்டிருப்பவருக்கு எந்தப் பொருளும் சுமைதான். வால்ட்ஃபோகலை மறுத்து, பரிசுக்கு விலையை மீறிய மதிப்பு உண்டு என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் நிறுத்தினால் போதும்.

சரி, பணமாகக் கொடுத்துவிடலாமா? வால்ட்ஃபோகலின் கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விடும். தமிழ் வீடுகளில் அது செல்லாது. கவரில் வைத்துக் கொடுத்த பணம் பொங்கலுக்குள் பேரனின் உண்டியலுக்குத் திரும்பிவிடும், இல்லாவிட்டால் அம்மாவின் வங்கிக் கணக்கில் வைப்புத்தொகையாகப் படுத்துவிடும். ஆக, பெற்றோர் தங்களுக்காக அதில் ஒரு ரூபாய் செலவழிப்பதில்லை.

வாங்கிக் கொடுப்பதற்குக் கடினமானவர்கள் என்று பெயரெடுத்த இதே பெற்றோர், பேச்சில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபடியே இருக்கிறார்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, முதலூர் என்று தென்மாவட்டத்துச் சொந்த ஊர்கள். தாம்பரம் வட்டாரத்துத் தேவாலயங்களில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களோடு பத்து நிமிடம் நின்றால் இந்த ஊர்ப் பெயர்கள் காதில் விழும். முதலூர் 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உருவான ஊர். இடையன்குடியின் ஆலயம் கால்டுவெல் கட்டியது. இந்த ஊர்களைப் பிறந்த மண்ணாகக் கொண்டவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் இருட்டோடு எழுந்து போகும் அதிகாலை ஆராதனை, இரவில் வீடு வீடாக வரும் கீத பவனி, கல்லறைத் தோட்டத்தில் அப்பா அம்மாவுக்கு வைக்கும் ஒரு கைப்பிடிப் பூ, முதலூர் மஸ்கோத் அல்வா, தூத்துக்குடி மக்ரூன். மஸ்கோத்தை இன்று கூரியரில் வரவழைத்துவிடலாம். கல்லறைத் தோட்டம் கூரியரில் வராது. கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் வேளாங்கண்ணி என்று வைத்துக்கொள்ளலாம், ஏக்கம் ஒன்றுதான்.

அவர்கள் கேட்கும் பரிசு பயணம். பிள்ளைகளும் கூட வரும் பயணம். அந்தப் பரிசின் மீதுதான் அரசு கை வைத்திருக்கிறது.

2020 மார்ச் 20க்கு முன் ரயிலில் 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதம், 58 நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போனது, ரயில்கள் திரும்பின. ஏ.சி. பெட்டியில் நிறுத்தியிருந்த போர்வை தலையணைகூட 2022 மார்ச்சில் திரும்பி வந்தது. முதியோர் சலுகை மட்டும் வரவில்லை. குறைந்தபட்சம் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் தருவதைப் பரிசீலியுங்கள் என்று ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு சொல்லியும் வரவில்லை.

இதில் எவ்வளவு பணம் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியே வந்தது. 2020 மார்ச் 20 முதல் 2025 பிப்ரவரி 28 வரை 31.35 கோடி முதியோர் பயணங்கள். சலுகை இல்லாததால் ரயில்வேக்குக் கிடைத்த கூடுதல் வருவாய் 8,913 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு முதியவரின் ஒரு பயணத்துக்கு 284 ரூபாய். கணவனும் மனைவியும் ஊருக்குப் போய்த் திரும்ப நான்கு டிக்கெட், அதாவது 1,136 ரூபாய். பெங்களூரிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் மகள் ஆயிரம் ரூபாய்க்கு அப்பாவுக்குச் சட்டை அனுப்பிவிட்டு நிம்மதி அடையும்போது, அதைவிடப் பெரிய தொகையை அவர் சட்டைப் பையிலிருந்து ரயில்வே எடுத்துக்கொண்டுவிடுகிறது. 284 ரூபாய் சின்னத் தொகை என்று சொல்பவர்கள், மாத ஓய்வூதியத்தில் மாத்திரைச் செலவு போக மிச்சத்தை எண்ணிப்பார்க்கும் ஒருவரோடு டிக்கெட் கவுன்டர் வரிசையில் நின்றவர்களாக இருக்க முடியாது.

டிசம்பர் உயர்வு தனியாகப் பார்த்தால் பெரிதல்ல. 700 கிலோமீட்டர் போனால் 14 ரூபாய். உறுத்துவது அது வந்து நிற்கும் வரிசை. செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கும் கேக்குக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும், ஏ.சி.க்கும் 28லிருந்து 18 ஆனது. பண்டிகைக்கு வாங்குங்கள், வாங்கிக் குவியுங்கள் என்று வரியைக் குறைத்த அதே அரசு, அதே ஆண்டில் பயணத்தின் விலையை இரண்டு முறை ஏற்றியது. பீரோவில் தூங்கப்போகும் பரிசு மலிவானது. பெற்றோர் மனதார விரும்பும் பரிசு விலை ஏறியது.

எல்லாப் பயணிகளுக்கும் கட்டணத்தில் மானியம் தருகிறோமே என்பது ரயில்வேயின் நிரந்தர பதில். இருபது வயதுக்காரனுக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே அளவில் தருவதை முதியோருக்கான சலுகை என்று சொல்ல முடியாது. மாநில அரசைப் பாருங்கள். சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் கிடைக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் 2021 முதல் இலவசமாகப் போகிறார்கள். நிதி நெருக்கடி பற்றித் தினமும் பேசும் மாநில அரசால் இது முடிகிறது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 தாண்டியவர்கள் 2021 கணிப்பின்படியே 13.6 சதவீதம், இந்தியாவுக்கு அது 10.1. ஆகவே சலுகை நின்றதன் வலி பெரும்பாலான மாநிலங்களைவிட இங்கே அதிகம். தென்மாவட்டத்து எம்.பி.க்கள் இதை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுப்பாமல் விடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

அரசு மனம் மாறும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் ஒரு பாதிதான். மறுபாதி டிக்கெட் எடுக்கும் பாடு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 ஆகச் சுருங்கிவிட்டது. டிசம்பர் 23இல் புறப்பட முன்பெல்லாம் ஆகஸ்ட் 25இல் டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 2025இல் அது அக்டோபர் 24, தீபாவளி முடிந்த நான்காம் நாள். அன்று காலை எட்டு மணிக்குத் திறந்ததும் முதல் 15 நிமிடம் இணையத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று இருந்தது. நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர் எக்ஸ்பிரஸ்கள் பண்டிகை நாள்களுக்கு என்ன வேகத்தில் நிரம்பும் என்பது தெரிந்ததே. கண்ணாடியை ஏற்றி இறக்கி ஓ.டி.பி. தேடும் 72 வயதுக்காரருக்கு அந்தப் பந்தயத்தில் இடமில்லை. அன்று காலை எட்டு மணிக்கு அவருக்காக போனும் கையுமாக உட்காருவதுதான் பரிசு.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. முதியோர் லோயர் பெர்த் ஒதுக்கீடு 60 வயது ஆண்களுக்கும் 45 வயது பெண்களுக்கும் உண்டு. ஆனால் அந்த டிக்கெட்டில் அவர்கள் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ மட்டுமே இருக்க வேண்டும். குடும்பத்தோடு சேர்த்து ஆறு பேருக்கு ஒரே டிக்கெட் போட்டால் அந்த ஒதுக்கீடு கைநழுவிப் போகும். முழங்கால் வலியோடு அம்மா மேல் பெர்த்துக்கு ஏணி ஏற வேண்டியதாகும். பெற்றோருக்குத் தனி டிக்கெட், பிள்ளைகளுக்குத் தனி டிக்கெட், ஏறுவது ஒரே ரயிலில். ஊருக்குப் போவதற்கு மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பி வருவதை மறப்பவர்களும் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில் திருநெல்வேலியிலிருந்து தாம்பரத்துக்கு இடம் கிடைப்பது அதைவிடப் பெரும்பாடு.

2026 கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வருகிறது, பல்லாவரத்தில் சந்தை நாள். நிதிநிலை அறிக்கையில் 40, 50 சதவீதச் சலுகை அப்படியே திரும்பி வர வேண்டும். அது வந்துவிட்டால், பெற்றோருக்கு என்ன வாங்குவது என்ற கேள்வியே இந்தப் புறநகரில் பாதி வீடுகளில் எழாது. வராவிட்டாலும் டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். அன்று அலுவலகம் விடுமுறை.