நேரம் குறித்தவர் எங்கே?

"அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதை விட்டு, இதற்காகப் போய் யாராவது கோர்ட்டுப் படி ஏறுவார்களா?" என்று என்னைக் கேட்டார் நண்பர் ஒருவர். படித்தவர், நல்லவர், நாலு பேருக்கு உதவுகிறவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அனுதாபந்தான் இருந்தது. ஒரு பஸ் டிரைவரை வழக்காடும்படி நான் தூண்டிவிட்டேன் என்பது அவர் என்மீது சாட்டிய குற்றம். அந்தக் குற்றத்தை நான் மறுக்கவில்லை. தூண்டினேன். இன்னும் பத்துப் பேர் வந்து கேட்டாலும் அப்படித்தான் தூண்டுவேன். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நண்பரும் நீங்களும் தீர்ப்புச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடத்துக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ். பஸ் கம்பெனியுடையது அல்ல. ஒரு கான்டிராக்டர் ஏற்பாடு செய்தது. கான்டிராக்டருடையதும் அல்ல, வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்தது. டிரைவருடையது அதில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு கை மட்டும். வாலாஜாபாத் சாலையில் ஒரு விடியற்காலையில் வேகம் அளக்கும் கருவியுடன் நின்ற போலீஸார் வண்டியை நிறுத்தினார்கள். அனுமதித்த வேகத்துக்குமேல் பதினெட்டு கிலோமீட்டர். அவருக்கு இது இரண்டாவது தடவை.

இரண்டாவது தடவை என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் புதிய தண்டனைகள் அமலுக்கு வந்தன. கார் வேகமாகப் போனால் 1,000 முதல் 2,000 ரூபாய். பஸ், லாரி என்றால் 2,000 முதல் 4,000 ரூபாய். மறுபடி அதே குற்றத்தில் அகப்பட்டால் லைசென்ஸையே பறிமுதல் செய்து லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்பலாம். மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அடியோடு ரத்தாகவும் கூடும். என் நண்பருக்கு அது பர்ஸில் இருக்கும் ஓர் அட்டை. டிரைவருக்கு அது வீட்டில் எரியும் அடுப்பு.

"கான்டிராக்டர் என்ன சொல்கிறார் தம்பி?" என்று கேட்டேன்.

"கட்டிட்டு வந்துடு, சம்பளத்துல பிடிச்சுக்கறேன்னு சொல்றாரு சார்."

"நீ வேகமாகப் போனது உண்மையா?"

"உண்மைதான் சார். போகலேன்னா ஆறு மணிக்கு கேட்டுக்குள்ள வண்டி நிக்காது. நிக்கலேன்னா அன்னிக்கு டிரிப்புக்குக் காசு கிடையாது. அதை யாருகிட்ட சொல்றது?"

யாரிடம் சொல்வது? நான் அறிந்தவரையில் அதைச் சொல்வதற்கென்றே நம் நாட்டில் ஓர் இடம் இருக்கிறது. அதற்குக் கோர்ட்டு என்று பெயர்.

அப்படிப்பட்ட ஒரு கோர்ட்டில் ஒரு நாள் காலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி கேஸ் என்று அங்கே சொல்கிறார்கள். பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்ற கேள்வி. "ஒப்புக்கறேன் ஐயா." அபராதம். அடுத்த பெயர். மாஜிஸ்திரேட்டைக் குறை சொல்லமாட்டேன். மலைபோல் கட்டுகள் குவிந்திருக்கும்போது அவர்தாம் என்ன செய்வார்? ஆனால் அந்த ஒற்றை வார்த்தையில் அந்த மனிதர்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. சட்டமே சௌகரியம் செய்து கொடுத்திருக்கிறது. நேரில் வராமல், ரிஜிஸ்டர் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பணத்தைக் கட்டிவிடலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு இத்தனை வசதி! மறுப்பதற்கோ ஒரு நாள் கூலி, இரண்டு நாள் கூலி என்று போய்க்கொண்டே இருக்கும்.

விட்டுக்கொடுப்பது என்ன? "அவன் வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. இயந்திரம் அல்லது மின்னணுக் கருவி காட்டிய அளவு வேண்டும் என்கிறது 183-ஆம் பிரிவு. வழக்குத் தொடரப்படும் என்று அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அதுவும் இல்லையேல் 28 நாளுக்குள் சம்மன் சார்பு செய்திருக்க வேண்டும் என்கிறது 209-ஆம் பிரிவு. 2021-இல் மத்திய அரசு சேர்த்த 167-ஏ விதி, கண்காணிப்புக் கருவி சரியாக வேலை செய்கிறது என்று வருஷந்தோறும் சான்று பெறவேண்டும், அந்த இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்கவேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. கேட்டால்தானே காட்டுவார்கள்? கேட்கிறவன் கோர்ட்டில் நிற்க வேண்டுமே!

"ஓகோ! சட்டத்தின் ஓட்டைகளைத் தேடித் தப்பிக்கச் சொல்லிக் கொடுக்கிறீரா?" என்று சிலர் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அதிவேகத்துக்குப் பலியானவர்கள். அந்த பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகும் ஐம்பது பேருக்கும் வீட்டில் தாய் தகப்பன் இருக்கிறார்கள். வேகத்தைத் தண்டிக்கத்தான் வேண்டும். என் சண்டை எல்லாம், அது யாருடைய வேகம் என்பதைப் பற்றியது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைப் பாருங்கள். ராமானுஜர் அவதரித்த ஊர் என்று மட்டும் ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்த இடம், இன்று நாட்டுக்கே வேகத்தைச் செய்து கொடுக்கிற இடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான், 2012-இல் டெய்ம்லர் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள். அதே ஒரகடத்தில், வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்கென்றே பாதைகள் அமைத்து மத்திய அரசு ஏற்படுத்திய மோட்டார் ஆராய்ச்சி நிலையம். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல், 3.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பந்தயப் பாதை ஒன்றும் இருக்கிறது. அங்கே வேகமாக ஓட்டினால் கோப்பை கொடுக்கிறார்கள். சற்றுத் தள்ளி நெடுஞ்சாலையில் ஓட்டினால் சலான் கொடுக்கிறார்கள். பந்தயக்காரனுக்கு வேகம் ஆசை. கம்பெனி பஸ் டிரைவருக்கு அது ஆசையா? விடியற்காலை ஐந்து மணிக்கு, தூக்கம் கலையாத கண்ணோடு, ஐம்பது பேரை வைத்துக்கொண்டு எவனுக்கையா வேகத்தில் ஆசை வரும்?

உதிரிப் பாகங்களைக் கிடங்கில் அடுக்கி வைக்காமல், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வரவழைத்துக் கொள்கிற முறை ஜப்பானிலிருந்து வந்தது. கெட்டிக்கார முறைதான். ஆனால் கிடங்கை ஒழித்தால், கிடங்கில் காத்திருந்த சரக்கு சாலைக்கு வந்துவிடுகிறது. சரக்குக்கு உள்ள விதிதான் ஷிப்டுக்குப் போகிற ஆளுக்கும். இயந்திர வரிசை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும் என்றால், தாமதம் அத்தனையையும் சாலையிலேயே ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டுவது யார்? டிரைவரின் வலது கால்!

அந்த டிரைவரிடம் டிரிப் ஷீட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். பெரிய கணிதமேதை யாரும் வேண்டாம். நாலாம் வகுப்புப் பையன் போடுவான். ஐந்து மணிக்குக் காஞ்சிபுரத்தில் புறப்பாடு. ஆறு மணிக்குக் கம்பெனி வாசல். தூரம் சுமார் 35 கிலோமீட்டர். வழியில் பத்து இடத்தில் ஆள் ஏற்ற வேண்டும்; வேகத்தைக் குறைத்து, நின்று, ஏற்றி, மறுபடி வேகம் பிடிக்க இடத்துக்கு மூன்று நிமிஷம். ஆக அரை மணி அதிலே போயிற்று. மீதி அரை மணியில் 35 கிலோமீட்டர். அதாவது சராசரி எழுபது! குறுக்கே வரும் மாடு, திரும்பும் டிரெய்லர் லாரி, வேகத்தடை, சிக்னல் எல்லாவற்றையும் சேர்த்து எழுபது. ஆகவே வெறுமையான இடத்தில் அதற்கும் மேலே போயே தீரவேண்டும். அந்த டிரிப் ஷீட்டை எழுதியவர் விடியற்காலையில் அந்தச் சாலையில் இல்லை. ஆனால் அந்த வேகம் பிறந்தது அவருடைய பேனாவில்.

இது என்னுடைய கற்பனாவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். சட்டம் இதை எனக்கு முன்பே சொல்லிவிட்டது. அதே 183-ஆம் பிரிவு, வேகமாக ஓட்டுகிறவனை மட்டும் சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்கிறவனை, தன் அதிகாரத்துக்குட்பட்டவனை அப்படி ஓட்டச் செய்கிறவரையும் அதே வாக்கியத்தில், அதே தண்டனையில் வைத்திருக்கிறது. மேலும் சொல்கிறது: இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் அட்டவணை போட்டோ உத்தரவிட்டோ இருந்து, வேக வரம்பை மீறாமல் அதை நிறைவேற்றுவது சாத்தியமில்லை என்று கோர்ட்டு கருதினால், அந்த அட்டவணையே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சாட்சியம். 1939-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இந்த விதி இருந்தது. இத்தனை வருஷமாக ஏட்டில் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த அந்தக் காலைப்பொழுதில் ஒருவர் வாயிலிருந்தும் அது வெளிவரவில்லை.

முதன்முதலில் வேகத்துக்காக அபராதம் கட்டியவர் என்று சரித்திரம் சொல்லும் மனிதர் வால்டர் ஆர்னால்டு என்ற ஆங்கிலேயர். 1896 ஜனவரியில் கென்ட் மாகாணத்தில், இரண்டு மைல் வேகம் மட்டுமே அனுமதித்த இடத்தில் அவர் எட்டு மைல் வேகத்தில் காரோட்டினார். போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். அபராதம் ஒரு ஷில்லிங். அந்த வழக்கில் சிக்கல் ஒன்றுமில்லை. கார் அவருடையது, ஓட்டியவர் அவர், கார் வியாபாரமும் அவருடையதே என்பதால் வேகத்தின் லாபமும் அவருக்கே. இன்று அந்த ஒரு மனிதர் நாலு மனிதராகப் பிரிந்துவிட்டார். வண்டி ஒருவருடையது, கான்டிராக்டு ஒருவருடையது, நேரத்தின் லாபம் கம்பெனியுடையது, கால் மட்டும் டிரைவருடையது. நாலு பேரில் கூண்டில் ஏறுகிறவர் ஒருவரே. 1896-இல் செய்த சட்டையை நாலு பேருக்குப் போட முடியாமல், இருப்பதில் இளைத்தவனுக்கு மாட்டி அனுப்பிவிடுகிறோம்!

வேறு தேசங்களில் கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். முப்பது நிமிஷத்தில் பீட்ஸா கொண்டுவந்து தருவோம் என்று அமெரிக்காவில் டாமினோஸ் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. 1993-இல், அந்தக் கம்பெனியின் வண்டி மோதிக் காயமுற்ற ஒருவருக்குச் சுமார் எட்டுக் கோடி டாலர் கொடுக்கும்படி ஜூரிகள் சொன்னார்கள். அந்த வாக்குறுதியையே கம்பெனி கைவிட்டது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் அமலில் உள்ள கனரக வாகனச் சட்டம், சரக்கை அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், நேரம் குறிக்கிறவர் எல்லோரையும் பொறுப்பாளிகளாகச் சங்கிலியில் கோத்திருக்கிறது. அங்கே எழுதியிருப்பதன் கரு நம் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்க ஒரு வழக்கு வேண்டும். "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லாத ஒருவர் வேண்டும்.

"ஒரு பெட்டி கேஸால் என்ன ஆகிவிடும்?" என்கிறார் என் நண்பர். காஞ்சிபுரம் பக்கத்தில் நடந்த விபத்தொன்றில் அடிபட்டவர் நஷ்டஈட்டை உயர்த்தக் கேட்டு அப்பீல் செய்தார். அவ்வளவுதான் வழக்கு. அதை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், நெடுஞ்சாலைகளில் இத்தனை வேகத்தை அனுமதித்தது எப்படி என்று கேட்டு, வேக வரம்பை 120 கிலோமீட்டர் வரை உயர்த்திய 2018-ஆம் வருஷத்து மத்திய அரசு அறிவிப்பையே 2021-இல் ரத்துச் செய்தது. ஒரு மனிதர் படியேறியதால் எழுந்த கேள்வி அது.

இனி, அந்த டிரைவர் கதை. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. டிரிப் ஷீட்டை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு இளம் வக்கீல் மனுப் போட்டார். வாய்தா போட்டார்கள். அடுத்த வாரமே கான்டிராக்டர் அந்த பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். "பார்த்தீரா, உம்முடைய நியாயத்தால் அவன் வேலை போயிற்று!" என்று நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு, வேதனையும் உண்டு. இன்று அவர் காய்கறி லோடு ஓட்டுகிறார், வழக்கை விடவில்லை. நான் நண்பரைத் திருப்பிக் கேட்கிறேன்: உண்மையைச் சொல்லப் போனவனின் பிழைப்பு ஒரு வாரத்தில் போகிறது என்றால், திருத்த வேண்டியது உண்மை சொல்லப் போனவனையா, பிழைப்பைப் பறித்தவரையா?

பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. கம்பெனி பஸ்ஸையோ சரக்கு லாரியையோ வேகத்துக்காக நிறுத்துகிற போலீஸ்காரர், லைசென்ஸைக் கேட்கும்போதே டிரிப் ஷீட்டையும் கேட்டு வாங்கட்டும். வழக்கை எடுக்கும் மாஜிஸ்திரேட், "உனக்கு நேரம் குறித்தது யார்?" என்ற ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கட்டும். விசாரணைச் சாட்சியத்தில் வேறொருவரும் குற்றவாளி என்று தெரிந்தால் அவரையும் வரவழைத்து விசாரிக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 358-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு கம்பெனி அதிகாரி ஒரே ஒரு நாள் கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்தால் போதும். மறுநாளே அந்தப் பாதையில் எல்லா பஸ்களுக்கும் இருபது நிமிஷம் கூடுதலாகக் கிடைத்துவிடும் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை, இதை வாசிக்கிற உங்களுக்கு. உங்களில் சிலரோ, உங்கள் பிள்ளைகளில் சிலரோ, அந்தத் தொழிற்சாலைகளில் குளுகுளு அறையில் உட்கார்ந்து பஸ்ஸுக்கும் லாரிக்கும் நேரம் குறிக்கிற உத்தியோகத்தில் இருக்கலாம். கௌரவமான உத்தியோகந்தான். நாளைக்கு அந்தக் கட்டத்தில் "6-00" என்று தட்டுவதற்கு முன்னால், தூரத்தையும் நிறுத்தங்களையும் வைத்து ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். விடை சட்டத்தின் வேகத்துக்கு மேலே வந்தால், அந்த அபராதம் உங்களுடையது.