பூசணத்தின் உணவும் பயிரின் உணவும்

கஞ்சி தோய்த்த பாவு மழை நாளில் சரியாக உலராமற் கிடந்தால் பூசணம் பூத்துவிடும் என்பதை நம் நெசவாள அங்கத்தினர் யாவரும் அறிவர். கஞ்சியிலுள்ள மாவுச்சத்தே அதற்கு விருந்தாகிறது. ஆய்வுக்கூடத்தில் பயிர்நோய்ப் பூசணங்களை வளர்க்கும் முறையும் ஏறக்குறைய இதுவே. 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாற்றில் 20 கிராம் குளுக்கோஸும் சிறிது அகரும் சேர்த்து, ஒரு லிட்டர் அளவாக்கி, கிருமி நீக்கித் தட்டில் ஊற்றுகின்றனர். நோயுற்ற தண்டின் துணுக்கு ஒன்றை அதன்மேல் வைத்தால், சில நாட்களில் பூசணம் வட்டமாகப் படர்கிறது.

இவ்வுணவில் ஒவ்வொரு சத்தாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தே பூசணத்தின் தேவைகளை அறிஞர்கள் கண்டனர். கரும்பூசணம் செழித்து வளர மிகச் சிறிதளவு துத்தநாகம் வேண்டும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ரோலன் 1869-இல் காட்டினார்.

உழவருக்கும் நெசவாளருக்கும் பொதுச் செல்வமான பருத்தியைக் கெடுப்பது வாடல் நோய். ஃபியூசேரியம் என்னும் பூசணம் வேர்வழி நுழைந்து, நீர் செல்லும் குழாய்களைக் கெடுக்கிறது. இலை மஞ்சளித்துச் செடி வாடும். தண்டைப் பிளந்தால் பழுப்புக் கோடுகள் தெரியும். பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் தலைமையிலிருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் இப்பூசணம் ஆராயப்பட்டது. ஃபியூசாரிக் அமிலம் என்னும் நச்சை அது உண்டாக்குவதற்குத் துத்தநாகம் தேவை என்பது அங்கே புலனாயிற்று.

அங்ஙனமாயின் வயலுக்குத் துத்தநாகமே இடலாகாது என்று முடிவு செய்யலாமா? கூடாது. பருத்திக்கும் துத்தநாகம் வேண்டும். அது குறைந்த செடி நலிந்துபோகும். தட்டில் பூசணம் ஒன்றே உண்டு. வயலிலோ செடியும் மண்ணும் எண்ணற்ற பிற நுண்ணுயிர்களும் உள்ளன. சாம்பல் சத்தை எடுத்துக்கொள்வோம். தட்டில் வளரும் பூசணத்துக்கு அதுவும் உணவே. ஆயினும் சாம்பல் சத்துக் குறைந்த நிலத்தில்தான் வாடல் நோய் மிகுகிறது. அக்குறையை நீக்கினால் நோய் தணிகிறது. பூசணம் உண்ணும் அதே சத்து, செடிக்கு எதிர்ப்பு வலிமையும் தருகிறது. சாம்பல் சத்தை மறந்து தழைச்சத்தை மட்டும் வாரி இறைப்பதே தீங்கு.

இங்கே நம் சங்கங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இத்தனை மூட்டை யூரியா விற்றோம் என்று ஆண்டறிக்கையில் பெருமை கொள்வது போதாது. அம்மூட்டைகள் எந்த மண்ணின் எந்தக் குறையைத் தீர்த்தன என்று சொல்ல முடிகிறதா? மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து வயலைப் பார்த்து உரமிடுவோர் நம்மிடையே பலர். உரம் வழங்குமுன் மண் பரிசோதனை முடிவைக் கேட்டு, அதன்படி அளவு கூறுவதை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் வழக்கமாக்க வேண்டும். அதனால் விற்பனை சிறிது குறையினும், அங்கத்தினரின் கடன் குறையுமன்றோ!

வாடல் கண்ட நிலத்தில் மீண்டும் பருத்தியே இடாது பயிர் மாற்றுவதும், நோய் தாங்கும் இரகத்தை நாடுவதும் உழவர் கடமை. ஆய்வுக்கூடம் பூசணத்தின் பசியை நமக்கு உணர்த்திற்று. நம் நிலத்தின் பசியை நாமே அறிந்து உணவிட வேண்டும் என்பது எமது கருத்து.