கடைக்கு வராத பழமே நம் வீட்டுக்கு உரியது

அண்மைக் காலமாக எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. ‘ராஸ்பெர்ரி சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்களே, அதை வீட்டிலேயே வளர்க்கலாமா?’ கைப்பேசியில் கண்ட காணொளியை எங்களிடம் காட்டிக் கேட்போரும் உண்டு. பள்ளிப்பட்டுப் பகுதியில் ராஸ்பெர்ரி நாற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் வீட்டில் பழம் வளர்க்கும் எண்ணத்தை மட்டும் கைவிட வேண்டாம்.

ராஸ்பெர்ரி நல்ல பழமே. 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 6.5 கிராம் நார்ச்சத்தும் 26 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உள்ளன. சர்க்கரை 4 கிராமுக்குச் சற்றே மேல். எனினும் அது குளிர்நாட்டுச் செடி. அதன் தண்டு முதல் ஆண்டில் தழைத்து, குளிர்காலத்தில் உறங்கி, இரண்டாம் ஆண்டில் காய்த்து மடிவதே பழைய ரகங்களின் இயல்பு. அந்த உறக்கம் நிறைவுபெறப் பல ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியசுக்குக் குறைவான குளிர் 800 மணி நேரத்துக்கும் மேலாகத் தேவை. கோடையில் 40 டிகிரியைக் கடக்கும் திருத்தணி வட்டாரத்தில் மார்கழிப் பனியிலும் அத்தகைய குளிர் கிட்டுவதில்லை. இதன் உறவுச் செடியான மைசூர் ராஸ்பெர்ரி நீலகிரியிலும் பழனி மலையிலும் வளர்கிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர் அதை முயன்று பார்க்கலாம். சமவெளியில் வாழும் நமக்கு அது உரியதன்று.

குளிர்நாட்டு மக்கள் ராஸ்பெர்ரியை ஏன் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கின்றனர்? அப்பழம் முற்றக் கனிந்ததும் நடுத்தண்டை விட்டுக் குல்லாய்போல் கழன்று வரும். பறித்த பின் அது மேலும் பழுப்பதில்லை. ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். எனவே அதன் முழுச் சுவை கடைக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. செடியருகே வாழ்வோருக்கே அது கிட்டும். நாம் அவர்களிடமிருந்து பெற வேண்டியது இந்தத் தெளிவையே, அந்தச் செடியை அன்று.

அவ்வாறு கடைக்கு வராத பழம் நம் மண்ணிலும் உண்டு. அது முசுக்கொட்டை எனப்படும் மல்பெரி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் எல்லைக்கு அப்பால் பலமநேர், குப்பம் பகுதிகளிலும் பட்டுப்புழுவுக்காக இதனைப் பயிரிடுகின்றனர். அங்கே இலைக்காகவே செடியை அடிக்கடி வெட்டுவதால் பழம் பலர் கண்ணில் படுவதில்லை. தோற்றத்தில் ராஸ்பெர்ரியை ஒத்த இப்பழமும் பறித்த ஓரிரு நாளில் குழைந்துவிடும்.

இதை வளர்ப்பது எளிது. பழம் தரும் செடியிலிருந்து பென்சில் பருமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்களோடு வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். காய்க்காத ஆண் செடிகளும் உண்டு என்பதால், காய்த்ததைக் கண்ட செடியிலிருந்தே குச்சி எடுக்க வேண்டும். ஒன்றரை அடி அகலத் தொட்டியும் நல்ல வெயிலும் போதும். கிளைகளைக் கவாத்து செய்து இலைகளை உருவிவிட்டால், புதுத் துளிரோடு பூங்கொத்தும் வரும். காய் பச்சையிலிருந்து சிவந்து, பின் கறுக்கும். கறுத்து, விரல் பட்டதும் கைக்கு வருவதே கனிந்த பழம். காலையில் பறித்து, உண்ணும் முன் கழுவினால் போதும். முன்னரே கழுவி வைத்தால் விரைவில் கெடும்.

சத்தில் இது ராஸ்பெர்ரிக்கு நிகரா என்று கேட்கலாம். வைட்டமின் சி 100 கிராமில் 36 மில்லிகிராம். அதில் மல்பெரியே மேல். நார்ச்சத்து 2 கிராமுக்கும் குறைவு, சர்க்கரை 8 கிராம். அவற்றில் ராஸ்பெர்ரியே மேல். அக்குறையைத் தீர்க்க நம் கொல்லையில் கொய்யா இருக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி-யும் உண்டு. ஒரு தொட்டி மல்பெரியும் ஒரு கொய்யா மரமும் உள்ள வீட்டுக்கு அயல்நாட்டுப் பழத்தால் கூடுதலாகக் கிட்டுவது மிகச் சிறிதே.

வசதியுள்ளோர் உறைநிலையில் விற்கும் ராஸ்பெர்ரியை வாங்கி உண்பதில் தவறில்லை. அதன் சத்தும் பெரும்பாலும் குறைவதில்லை. எங்கள் கவலை வேறு. விசைத்தறிக் கூலியிலும் கரும்பு வயல் கூலியிலும் மாதத்தை ஓட்டும் குடும்பம், மாத்திரைக்கான பணத்தை ‘மருந்துப் பழம்’ என்ற பெயரில் செலவிடக் கூடாது. எந்தப் பழமும் நீரிழிவைக் குணப்படுத்தும் மருந்து அன்று. உண்ணும் உணவில் ஒரு நல்ல பகுதி என்பதே அதன் இடம்.

இந்த வேறுபாடு மறக்கப்படும்போது உயிருக்கே தீங்கு நேரலாம். மல்பெரி இலைக் கஷாயம் குடித்தால் மாத்திரை வேண்டாம் என்றொரு பேச்சு உலவுகிறது. இலையில் உள்ள டீஆக்சிநோஜிரிமைசின் என்னும் பொருள், மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்துவது உண்மையே. அக்கார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகளும் அவ்வழியிலேயே செயல்படுகின்றன. ஆனால் கஷாயத்தில் அப்பொருளின் அளவு நிலையானதன்று. மாத்திரை, இன்சுலினோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை மிகத் தாழலாம். அவற்றை நிறுத்திவிட்டுக் குடித்தால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறலாம். முதல் வகை நீரிழிவு உள்ளோர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். ஆகவே கஷாயம் குடிப்பவராயின் மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். மருந்தின் அளவை அறிந்து தரவே கேட்கிறோம்.

நீரிழிவு உள்ளோர் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி மல்பெரி அல்லது நடுத்தரமான ஒரு கொய்யா உண்ணலாம். சாறாகப் பிழியாமல் முழுப் பழமாக உண்ணுங்கள். சிறுநீரகம் பழுதுற்றோருக்குக் கணக்கு வேறு. கொய்யாவில் பொட்டாசியம் மிகுதி, 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கும் மேல். அவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்ட பின்னரே உண்ண வேண்டும். வீட்டுத் தோட்டங்களில் காய்க்கும் நட்சத்திரப்பழத்தை அவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சைப் பழுதுற்ற சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாது. தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என முற்றி உயிரையும் பறிக்கக்கூடும். வீட்டில் வளர்ந்தது என்பதாலேயே ஒரு பழம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது.

செடி வளர்ப்போர் கருத வேண்டியன இன்னும் சில. காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்க வேண்டாம். முள் தைத்ததை அறியாமல் புண் முற்றுவது அவ்வாறே தொடங்குகிறது. மாலையில் இருபாதங்களையும் பார்த்துவிடுங்கள். கண் மங்கியவராயின் வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரத்துக்கு ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போரும் மண்ணையும் எருவையும் கையாளும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டுப் பறிக்கும் வேலையை மட்டும் ஏற்கலாம்.

நீண்ட நாள் நோயில் பிறர் கைகளே எல்லாவற்றையும் செய்கின்றன. உணவைத் தருவதும் மருந்தைத் தருவதும் பிறரே. அந்நிலையில் நோயாளி தாமே நீர் ஊற்றி வளர்த்த செடியிலிருந்து பறித்த பழத்தைப் பேரக் குழந்தையின் கையில் தருவது சிறு செயல் அன்று. பேணுவோர் அவ்வேலையை இரக்கத்தால் பறித்துக்கொள்ளாமல், இயன்ற அளவு அவரிடமே விட்டுவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டோடு அது துளிர்த்த செய்தியையும் கொண்டு வாருங்கள்.